தும்பாரி எறங்கு

குழந்தைசாமி இறந்த இருபத்தாறாம் நாள், ஒரு திங்கட்கிழமை காலையில், தும்பாரியிலிருந்து இரண்டு பேர் அவர் வீடு தேடி வந்தார்கள்.

திருக்கோகர்ணத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. 'கண்டக்டர் வீடு' என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். அவர் வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆகியும் அது கண்டக்டர் வீடுதான்.

வந்தவர்களில் ஒருவர் தமிழ்செல்வன். வார்டு உறுப்பினர், நாற்பது வயது, சட்டைப் பையில் மூன்று பேனா. கூட வந்தவள் சத்யா. மகளிர் குழுவுக்குத் தலைவி, கையில் பிளாஸ்டிக் ஃபைல். வீட்டில் இருந்தது குழந்தைசாமியின் மனைவி ஞானமணியும் மகள் ஷர்லியும் மட்டும். ஷர்லி பெங்களூரில் கைப்பேசி ஆன்டெனாக்களைச் சோதிக்கும் பொறியாளர். முப்பதாம் நாள் பூசை முடியும்வரை விடுப்பு எடுத்திருந்தாள்.

"கண்டக்டரு தவறுனது எங்களுக்கு லேட்டாத்தாம்மா தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா ஊரே வந்திருக்கும்" என்றார் தமிழ்செல்வன்.

"பரவாயில்லப்பா. உக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஞானமணி காப்பி போடப் போனார்.

தமிழ்செல்வன் ஷர்லியிடம் விஷயத்தைச் சொன்னார். கறம்பக்குடி ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். பழைய நிழற்குடைகளை இடித்தாகிவிட்டது. இனி எங்கெல்லாம் பஸ் நிற்கும், எங்கெல்லாம் பெயர்ப் பலகை வைப்பார்கள் என்று ஒரு பட்டியல் வந்திருக்கிறது. அதில் தும்பாரி இல்லை.

"கேட்டா, அப்படி ஒரு ஊரே ரெக்கார்டுல இல்லைங்கிறாங்க. எம்பது வீடு இருக்கு, ரேஷன் கடை இருக்கு, ஊரு மட்டும் இல்லையாம்" என்றாள் சத்யா.

"போர்டெல்லாம் வச்சப்புறம், போர்டு இல்லாத எடத்துல நிறுத்த மாட்டோம்ங்கிறான் பஸ்காரன். அப்ப எங்க ஆளுக ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். வியாழக்கிழமை தாசில்தாரம்மா விசாரிக்கிறாங்க. இந்தப் பேரு ரொம்ப நாளா பொழக்கத்துல இருக்குன்னு பழைய காயிதம் காட்டச் சொல்றாங்க. எங்ககிட்ட இருக்கறதெல்லாம் இப்பத்தது. கண்டக்டருதான் ஆதியிலேருந்து அந்த லைன்ல ஓடுனவரு."

"அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டாருண்ணே. பாக்குறேன்."

"பாரும்மா. பழைய பேரு அது. நானூறு ஐந்நூறு வருசம் இருக்கும். தும்பாரி அம்மன் குடியிருந்த எடம்."

ஷர்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

"அம்மன்லாம் அப்புறம் வந்ததுண்ணே" என்று சத்யா குறுக்கே வந்தாள். "தும்பைப் பூ பூத்துக் கெடந்த எடம். அதான் தும்பாரி. தமிழ் மிஸ் சொன்னாங்க."

"ஒங்க மிஸ்ஸு எந்த ஊரு? அறந்தாங்கி. அதுக்கு என்ன தெரியும் எங்க அம்மன?"

ஷர்லி வாயைத் திறந்தாள். அதே நேரம் ஞானமணி டம்ளர்களை மேசைமேல் நங்கென்று வைத்தார். "சக்கரை போதுமா பாருங்க தம்பி."

ஷர்லி வாயை மூடிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு, "ஏம்மா என்னைத் தடுத்தே?" என்று கேட்டாள்.

"நான் எங்க தடுத்தேன்? சக்கரை கேட்டேன்" என்றார் ஞானமணி.

தும்பாரி என்ற பெயரை வைத்தவர் குழந்தைசாமி. அதற்கு நானூறு வருஷமெல்லாம் கிடையாது. ஷர்லியைவிட அந்தச் சொல்லுக்கு இரண்டு வயது குறைவு.

குழந்தைசாமி பத்தாவது வரை படித்தவர். புதுக்கோட்டை–கறம்பக்குடி லைனில் ஒரு தனியார் பேருந்தில் முப்பத்துநாலு வருஷம் நடத்துநர். ஒல்லி. சிவப்புக் கயிற்றில் கட்டிய விசிலைத் தூங்கும்போதுதான் கழற்றுவார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பெயரில்லாத எதையாவது கண்டால் சும்மா விடமாட்டார்.

உள்ளே இடம் காலியாக இருந்தும் படியில் தொங்கிக்கொண்டு வருகிறானே, அவனுக்கு என்ன பெயர்? ஒன்றும் இல்லை. அவர் 'மொட்டாளி' என்று வைத்தார். வழியெல்லாம் தூங்கி வழிந்துகொண்டு வரும் ஆள், தன் நிறுத்தத்துக்குச் சரியாக ஒரு நிமிஷம் முன்னால் கண்ணைத் திறக்கிற வித்தை இருக்கிறதே, அது 'கிணுக்கை'. கடைசி நிறுத்தத்தில் இஞ்சினை அணைத்ததும் காதுக்குள் சட்டென்று இறங்குகிற அமைதி, 'ஞொப்பல்'.

எதற்கும் விளக்கம் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கு ஒரு மொட்டாளி, மழையூர்லேருந்து உள்ள வரவே மாட்டேன்னுட்டான்" என்பார். கேட்கிறவர்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஷர்லிக்குப் பால், பந்து, நிலா எல்லாம் எப்படித் தெரிந்ததோ அப்படித்தான் இவையும் தெரிந்தன. எது ஊர்ச் சொல், எது அப்பாவின் சொல் என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல யாருமில்லை.

நாலாம் வகுப்பில் 'எங்கள் பள்ளி' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'மணி அடித்து எல்லோரும் போன பிறகு எங்கள் பள்ளியில் ஞொப்பலாக இருக்கும்' என்று எழுதினாள். டீச்சர் சிவப்பு மையில் சுற்றி, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டுவிட்டார். அழுதுகொண்டே வந்து அப்பாவிடம் நோட்டைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ஒங்க டீச்சர் கடைசி ஸ்டாப் வரைக்கும் பஸ்ஸுல போனதே இல்ல போல" என்றார்.

"ஒங்கப்பாவுக்கு இருக்கற தமிழ் பத்தல. அதான் சொந்தமா தச்சுப் போட்டுக்கிறாரு" என்றார் ஞானமணி. அதே ஞானமணி ஒருநாள் பக்கத்து வீட்டில், "எங்க வீட்டுக்காரருக்கு நேத்துக் கிணுக்கை தவறிப்போச்சு, பஸ் ஸ்டாண்டு தாண்டிப் போயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்ததை ஷர்லி கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரம்மாளும் "அடடா" என்றார். என்ன தவறியது என்று கேட்கவில்லை.

திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோது அறைத்தோழிகள் நாலு பேரும் ஞொப்பலைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது கனடாவில் இருக்கிறாள். அவள் பிள்ளைகளும் அதைச் சொல்கிறார்களாம். பெங்களூரில் ஷர்லி வேலை செய்யும் இடத்தில், எதிரொலி இல்லாத சோதனை அறை ஒன்று உண்டு. சுவரெல்லாம் கூம்புகூம்பாக நுரைப்பஞ்சு. முதல் முறை உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அவள் நினைத்தது அந்த ஒரு சொல்லைத்தான். போன மாதம் புதுக்கோட்டையில் மருத்துவமனை அறையில் செவிலி வந்து அப்பாவின் இயந்திரத்தை அணைத்தபோதும் அதே சொல்தான் வந்தது. அவளால் வேறெதையும் நினைக்க முடியவில்லை.

அந்தச் சொற்களெல்லாம் வீட்டுக்குள் பிறந்தவை. வெளியே பிறந்தது ஒன்றே ஒன்றுதான்.

மழையூர் தாண்டிக் கறம்பக்குடி போகும் வழியில், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே அப்போது நாலு கிலோமீட்டருக்குத் தைலமரக் காடு. வீடு வாசல் கிடையாது. தொண்ணூற்றிரண்டில் ஒருநாள் காலை, அந்தக் காட்டோரம் நின்று ஒரு பெண் வண்டிக்குக் கை காட்டினாள். தலையில் பூக்கூடை. பெயர் மூக்காயி. காட்டுக்குப் பின்னால் அவள் புருஷன் சம்பங்கி போட்டிருந்தான். பூவை வெயிலுக்கு முன்னால் புதுக்கோட்டை மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். ஓட்டுநர் ராசு, "இங்கெல்லாம் நிறுத்த முடியாதுப்பா" என்று முனகினார். குழந்தைசாமி விசிலை ஊதிவிட்டார். ஊதினால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். மறுநாளும் ஊதினார். அதற்கடுத்த நாளும்.

எங்கே யார் ஏறினார்கள் என்று டிரிப் ஷீட்டில் எழுத வேண்டும். பெயரில்லாத இடத்தை அவர் 'பூக்காரம்மா ஏறுமிடம்' என்று எழுதிவந்தார். ஒன்றரை மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் முதலாளியின் செக்கர் வண்டியில் ஏறினார். அந்த லைனுக்குப் புதுசு, கறாரான ஆள்.

"இந்தம்மா எங்க ஏறுனாங்க?"

"அது வந்து சார்..."

"எடத்துப் பேரச் சொல்லுய்யா. பேரில்லாத எடத்துல வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"டும்பாரி சார்."

எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. வாயில் வந்தது. செக்கர் ஒரு நிமிஷம் யோசித்தார். எனக்குத் தெரியாது என்று ஒரு கண்டக்டரிடம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"ஓ, டும்பாரியா? மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார்.

செக்கர் எழுதியதால் அது அலுவலகத்தில் ஏறியது. அலுவலகத்தில் ஏறியதால் மறுநாளிலிருந்து குழந்தைசாமி அங்கே குரல் கொடுத்தே ஆகவேண்டியதாயிற்று. ஆளில்லாத தைலமரக் காட்டைப் பார்த்து, "டும்பாரீ... டும்பாரி எறங்கு!" என்று தினமும் ஐந்து நடை கத்தினார். ராசு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரிப்பாராம்.

பஸ் நிற்கிற இடம் என்று ஆனதும் முதலில் ஒரு டீக்கடை வந்தது. பலகை எழுதிய ஓவியர், "டு-வுல ஒரு தமிழ்ப் பேரு ஆரம்பிக்காதுண்ணே" என்று சொல்லி, தன் பொறுப்பில் 'தும்பாரி டீ ஸ்டால்' என்று எழுதிவிட்டுப் போனார். அதோடு 'டு' போயிற்று. டீக்கடைக்குப் பின்னால் நாலு வீடு. அப்புறம் பத்து. காட்டை வெட்டியபோது ஒரு வேம்பின் அடியில் பழைய கல் ஒன்று கிடைத்தது. யாரோ மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி சுற்றினார்கள். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்ததும் குழந்தைசாமி சொன்னார்: "ஞானம், நம்ம தும்பாரிக்கு இன்னைக்கு சாமி வந்திருச்சு."

இதையெல்லாம் அவர் வீட்டில் நூறு தடவை சொல்லியிருப்பார். செக்கர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "ஓ, டும்பாரியா?" என்பார். கல்லூரியில் படிக்கும்போது ஷர்லி அந்த லைனின் நிறுத்தங்களை எல்லாம் ஒருநாள் எழுதிப் பார்த்தாள். டகரத்தில் தொடங்குவது வேறு ஒன்றுமே இல்லை.

"இஞ்சின் சத்தத்துல கூட வேற எதோடயும் கொழம்பாதுப்பா. சிக்னல் கணக்குப்படி பாத்தா இதுதான் சரியான பேரு" என்றாள்.

"அப்படியா? அப்ப நானும் இன்ஜினியரா?" என்று கேட்டார் குழந்தைசாமி. ஒரு வாரத்துக்கு எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஷர்லி பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினாள். உள்ளே டிரிப் ஷீட்டுகளின் கார்பன் நகல்கள், வருஷ வாரியாகக் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. அவர் அவற்றை வைத்திருந்தது சரித்திரத்துக்காக அல்ல. பின்பக்கம் காலியாக இருந்ததால் மகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள் ஆகும் என்று சேர்த்தவை.

மதியத்துக்குள் கிடைத்துவிட்டது. செப்டம்பர் தொண்ணூற்றிரண்டு. 'பூக்காரம்மா ஏறுமிடம்' என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே 'டும்பாரி'. பக்கத்தில் செக்கரின் சுருக்கொப்பம். ஒரு சொல் பிறந்த நேரத்துக்குக் கையெழுத்தோடு அத்தாட்சி. இன்னொரு கட்டில் தொண்ணூற்றாறாம் வருஷத்துத் தாள் ஒன்று. அதில் அடித்தல் திருத்தல் இல்லாமல், நிறுத்தங்களின் வரிசையில் மற்ற ஊர்களோடு ஊராக, 'தும்பாரி'.

இரண்டையும் எடுத்து வைத்தாள்.

அவள் மனதில் ஒரு தீர்மானம் உருவாகியிருந்தது. முப்பத்துநாலு வருஷ உழைப்பில் அவர் விட்டுப்போனது என்ன? ஒரு விசில், ஒரு தோல் பை, வருங்கால வைப்பு நிதிக் காகிதங்கள். இவை தவிர ஒரு சொல். எண்பது வீட்டுக்காரர்கள் தினமும் சொல்கிற சொல். அதை ஒரு கல்லுக்கும் ஒரு பூவுக்கும் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை தாசில்தார் முன்னால் முதல் தாளைக் காட்டி, பெயர் வைத்தவர் குழந்தைசாமி என்று கோப்பில் எழுத வைக்க வேண்டும். அரசாங்கக் கோப்பில் ஒரு வரி. அவ்வளவுதான் கேட்பாள்.

அதற்கு முன்னால் ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடுவது நியாயம் என்று பட்டது. புதன்கிழமை காலை பஸ் ஏறினாள்.

தும்பாரியில் இறங்கியபோது நிழற்குடை இருந்த இடத்தில் ஜல்லிக் குவியல்தான் இருந்தது. தமிழ்செல்வன் வேலையாகப் போயிருந்தார். சத்யா வீடு பூட்டியிருந்தது. வேம்பின் நிழலில், அம்மன் கல்லுக்கு முதுகைக் காட்டியபடி, எழுபது வயதுப் பெண் ஒருத்தி சாக்கை விரித்துச் சம்பங்கியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆரு ஆத்தா அது?"

"கண்டக்டர் குழந்தைசாமி மக."

"செர்லியா? பெங்களூர்ல இருக்கற பிள்ள?" கிழவி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "மூக்கு அப்படியே கண்டக்டரு. நான் மூக்காயி. ஒங்கப்பாரு போயிட்டாராமுல்ல. நல்ல மனுசன். ஆனா பொய்க்காரன்."

ஷர்லிக்குச் சுருக்கென்றது. "என்னம்மா பொய் சொன்னாரு?"

"உக்காரு சொல்றேன். பூவ மிதிச்சிராத."

சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தான் வந்த காரியத்தை முதலில் அவளே சொன்னாள். செக்கர் கதை, தாள், எல்லாம். மூக்காயி கை நிறுத்தாமல் கேட்டார்.

"இத எனக்கே சொல்றியா? அந்தப் பேரு பொறந்தப்ப பக்கத்து சீட்டுல கூடையோட ஒக்காந்திருந்தவ நானு."

"அப்ப ஊர்ல யாருகிட்டயும் ஏம்மா சொல்லலை?"

"சொல்லலையா! கல்லுக்குத் துணி சுத்துன அன்னைக்கே சொன்னேன். அடேய், இது கண்டக்டரு வாயில வந்த பேருடா, இதுக்கு எங்கேருந்துடா அம்மன் வந்துச்சுன்னேன். என்னய அடிக்க வந்துட்டாய்ங்க. நேரா பஸ்ஸ மறிச்சு அவருகிட்டயே கேட்டாய்ங்க. நானும் நிக்கிறேன். ஒங்கப்பாரு சொல்றாரு, 'நான் இந்த லைனுக்கு வந்தப்பவே இருந்த பேருப்பா இது'ன்னு. என்னய ஏறெடுத்துப் பாக்கல. காது ரெண்டும் செவந்து போச்சு. பொய்க்காரின்னு பேரு எனக்கு."

இந்தப் பகுதி வீட்டில் ஒருநாளும் சொல்லப்பட்டதில்லை.

"ரெண்டு மாசம் அவரு வண்டியில ஏறலையே நானு. அடுத்த வண்டிக்கு நிப்பேன். பூ வாடுச்சு. வாடட்டும்னு நின்னேன். எம் புருசன் வைதான். வையட்டும்னு நின்னேன். ஒருநா வண்டிய நிறுத்தி எறங்கியே வந்துட்டாரு. அங்கிட்டு ராசு ஆரன அடிக்கிறான், உள்ள இருக்கறவுக கத்துறாக. 'பூக்காரம்மா, ஏறுங்க'ங்கிறாரு. பொய்க்காரன் வண்டியில நான் ஏற மாட்டேன், போய்யான்னேன்."

"அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?"

மூக்காயி ஒரு வாடிய பூவை எடுத்துத் தூர எறிந்தார். "'நான் வச்ச பேருன்னு ஒத்துக்கிட்டா, எனக்குப் பின்னாடி வர்ற கண்டக்டரு அவன் இஷ்டத்துக்கு ஒண்ண வைப்பான். வண்டிய வேற மொதலாளி வாங்குனா அவன் நிறுத்தவே வேணாம்பான். ஆரு வச்சதுன்னே தெரியாத பேருன்னாத்தான் எவனும் கை வைக்க மாட்டான். நீங்க ஏறுற எடம் எடமா இருக்கணுமா, வேணாமா?' அப்படின்னாரு."

"நீங்க?"

"ஏறுனேன். என்னத்தச் செய்யச் சொல்ற? பூ வாடுதுல்ல."

ரோட்டில் ஜல்லி லாரி ஒன்று போயிற்று. ஷர்லிக்கு அப்பாமேல் கோபம் வந்தது. இறந்தவர்மேல் வருகிற, எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத கோபம். நாலு சுவருக்குள் தன் கதையாகச் சொல்லிச் சிரித்துவிட்டு, வெளியே அதைத் தனதில்லை என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். இருபது வருஷத்துக்கும் மேலாக. அது அவருக்கு வலிக்கவே இல்லையா?

"நாளைக்கு நான் உள்ளதச் சொல்லப்போறேன்மா" என்றாள்.

"சொல்லு. ஒனக்கு அப்பா. எங்களுக்கு பஸ்ஸு" என்றார் மூக்காயி.

வியாழக்கிழமை கறம்பக்குடி தாலுகா அலுவலகத்தில் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். தாசில்தார் ஐம்பது வயதுப் பெண்மணி. மேசைக்கு எதிரே தமிழ்செல்வனும் சத்யாவும் நாற்காலியில். மூக்காயி, வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, சுவரோரம் நின்றார். ஷர்லி அவர் பக்கத்தில்.

"தும்பாரின்னா என்னங்க அர்த்தம்?" என்று தாசில்தார் கேட்டார்.

"அம்மன் பேருங்கம்மா" என்றார் தமிழ்செல்வன்.

"தும்பைப் பூங்க மேடம்" என்றாள் சத்யா.

"அம்மனுக்குத் தும்பைப் பூதாங்க சாத்துறது" என்று தமிழ்செல்வன் அவசரமாகச் சமரசம் செய்தார். சுவரோரத்திலிருந்து மூக்காயி பலமாக இருமினார்.

தாசில்தார் சிரித்துக்கொண்டார். "ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. வருவாய் கிராமத்துப் பேரையே பலகையில போட்டுட்டா கொழப்பமே இல்ல. அந்தப் பேருல ஸ்டாப் ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே இருக்கு, ஒங்களுக்கும் அதுவே போதும்னு எழுதிடலாம். சரி, பழைய தாள் ஏதோ இருக்குன்னீங்களே?"

ஷர்லி முன்னால் வந்தாள்.

"நீங்க?"

"அந்த லைன்ல கண்டக்டரா இருந்தவர் மகள். அப்பா போன மாசம் இறந்துட்டார்."

தாசில்தாரின் குரல் தணிந்தது. "உக்காருங்கம்மா. ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. நான் முன்ன வேல பாத்த எடத்துல இதே மாதிரி ஒரு ஸ்டாப். கடைசியில பாத்தா ஒரு டிரைவர் வெளையாட்டா வச்ச பேரு. எடுத்துட்டோம். ஒரு ஆளு வாய்க்கு வந்ததையெல்லாம் அரசாங்கப் பலகையில போட முடியாது பாருங்க. இதுவும் ஒங்கப்பா வச்சதா?"

ஷர்லியின் கையிலிருந்த ஃபைலில் இரண்டு தாள்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேலே இருந்தது செப்டம்பர் தொண்ணூற்றிரண்டு.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவர் பெயர் ஏறிவிடும். இந்தக் கேள்வியை இதே மாதிரி ஒருவர் என்றைக்காவது கேட்பார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. பஸ்ஸை மறித்து நாலு பேர் கேட்ட அன்றே தெரிந்திருக்கிறது. சத்யா பிளாஸ்டிக் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மூக்காயி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷர்லி கீழே இருந்த தாளை உருவி மேசைமேல் வைத்தாள்.

"இல்லைங்க மேடம். அவர் அந்த லைனுக்கு வந்தப்பவே இருந்த பேருன்னுதான் சொல்வார்."

தாசில்தார் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறுத்தங்களின் வரிசையை விரலால் எண்ணினார். "தொண்ணூத்தாறு. இது போதும். பட்டியல்ல சேர்க்கச் சொல்லிடுறேன்" என்றார்.

எழுத்தர் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். 'தும்பாரி என்பது தொன்றுதொட்டு வழங்கிவரும் பெயர் எனவும், அதற்குப் பெயரிட்டவர் எவரெனத் தெரியவில்லை எனவும்...' ஷர்லி நிதானமாகப் படித்தாள். கடைசியில் சாட்சியின் பெயர்: 'ஷர்லி, த/பெ (லேட்) குழந்தைசாமி.' அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்ற சொல்லை அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை. பேனா கொஞ்ச நேரம் தாளில் படாமல் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் தமிழ்செல்வன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மன் ஒன்னயக் காப்பாத்தும்மா. ஆடிப் பொங்கலுக்கு அவசியம் வரணும்."

"தும்பையும் எடுத்துட்டு வாங்கக்கா" என்றாள் சத்யா.

அவர்கள் பைக்கில் போய்விட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது மூக்காயி அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஒங்கப்பாருக்காச்சும் காது செவந்துச்சு. ஒனக்கு ஒண்ணுமே ஆகலயே. அவர விட நீ தேவல."

ஷர்லி சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. மூக்காயி ஒன்றும் கேட்காமல், மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளியபடி, அவள் முகம் துடைத்து முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

புதுக்கோட்டை வண்டி வந்தது. கூட்டம். இருவருக்கும் பின்பக்கம் இடம் கிடைத்தது. கண்டக்டருக்கு முப்பது வயதிருக்கும், கையில் டிக்கெட் மெஷின்.

"தும்பாரி ஒண்ணு, புதுக்கோட்டை ஒண்ணு" என்றாள் ஷர்லி. பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்: "தும்பாரிங்கறது யாரு வச்ச பேருங்க?"

அவர் மெஷினிலிருந்து டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே அவளை விநோதமாகப் பார்த்தார்.

"ஊருக்கு ஆருங்க பேரு வைக்கிறது? ஊருன்னா பேரு இருக்கும்ங்க. தள்ளிக்கங்க, முன்னாடி போகணும்."

தைலமரங்கள் வர ஆரம்பித்தன. கண்டக்டர் முன்படியில் நின்று விசிலை ஊதினார். "தும்பாரீ... தும்பாரி எறங்கு!" வண்டி ஜல்லிக் குவியலைத் தாண்டி நின்றது. பைகளும் பாத்திரங்களும் இடித்துக்கொள்ள ஆட்கள் எழுந்தார்கள். மூக்காயி "வாரேன் ஆத்தா" என்று அவள் தோளில் தட்டிவிட்டு அவர்களோடு இறங்கினார். ஷர்லி ஜன்னல் வழியாக எண்ணினாள். பதினொரு பேர்.

யாரும் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி விறுவிறுவென்று போனார்கள்.